புதுத் துண்டில் ஒட்டாத சந்தனம்

மலேசியாவில், குளுவாங் நகருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு சிறிய குதிரைப் பண்ணையில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஆயுத பூஜை சமயத்தில் நடந்தது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளியைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். கால்நடைப் பராமரிப்பில் டிப்ளோமா. “படிச்சிட்டு குதிரைச் சாணி அள்ளப் போறான்” என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள்.

பண்ணையில் மானிஸ் என்றொரு வயதான பெண்குதிரை. சவாரி பழக வரும் சின்னப் பிள்ளைகள் முதலில் ஏறுவது அதன்மேல்தான். வயதாக ஆக அதன் முதுகு நடுவில் தொட்டில் போலக் குழிந்துவிட்டது. அந்த வருடம் அதன் குணமும் மாறியது. சேணத்தைக் கண்டாலே காதைப் பின்னால் மடக்கும். வயிற்று வாரை இறுக்கினால் திரும்பிக் கடிக்க வரும். ஒருநாள் ஒரு சிறுமி மேலே இருக்கும்போதே முதுகை உதறிவிட்டது. நல்லவேளை, பிள்ளையை நான் பிடித்துக்கொண்டேன். ஆனால் முதலாளி பார்த்துவிட்டார்.

“கிழவிக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு தம்பி. பிள்ளைங்க விஷயத்துல ரிஸ்க் எடுக்க முடியாது லா. இந்த மாசத்தோட அனுப்பிடலாம்.”

எங்கே அனுப்புவது என்று அவர் சொல்லவில்லை. சவாரிக்கு உதவாத கிழட்டுக் குதிரையை வைத்துச் சோறு போட யார் வாங்குவார்கள்? எனக்கும் தெரியும், என்னோடு வேலை பார்த்த அக்காவுக்கும் தெரியும்.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். காலும் பல்லும் நன்றாக இருக்கின்றன, முதுகில்தான் வலி, சேணத்தைக் கவனியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இருந்த சேணங்களையெல்லாம் வைத்துப் பார்த்தோம். மெத்தென்று இருக்கட்டுமே என்று சேணத்துக்கு அடியில் ஒரு தடித்த மெத்தை, அதன்மேல் இன்னொன்று. கடி அதிகமானதுதான் மிச்சம். அக்காவின் சட்டைக் கையே கிழிந்தது.

“ரெண்டு மெத்த போட்டும் மகாராணிக்குப் பத்தலையாம்!” என்று அக்கா திட்டித் தீர்த்தார்.

ஆயுத பூஜையன்று மண்வெட்டி, தள்ளுவண்டி, லாரி எல்லாவற்றுக்கும் அக்காதான் பொட்டு வைத்தார். சேணத்தின் மேலே வைத்தால் பிள்ளைகளின் கால்சட்டையில் ஒட்டும் என்று, அதைக் கவிழ்த்து அடிப்பக்கம் முழுக்கச் சந்தனத்தை அப்பினார். பூஜையாயிற்றே என்று பழைய மெத்தைகளை எடுத்துவிட்டு, மானிஸின் முதுகில் முதலாளி வாங்கி வந்த புது வெள்ளைத் துண்டை விரித்துச் சேணத்தை வைத்தோம். தள்ளி நின்று சூடம் காட்டினோம், படம் எடுத்தோம்.

சேணத்தை இறக்கியதும் அக்கா தலையில் கைவைத்தார்.

“அலமாக்! புதுத் துண்டு! சந்தனம் காயறதுக்குள்ள தூக்கி வச்சிட்டேனே!”

துண்டின் கழுத்துப் பக்கமும் வால் பக்கமும் ஒரே மஞ்சள். நடுவில் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

“நடுவுல வைக்கலையாக்கா?”

“ஏன் வைக்கல? அங்கதான் நெறைய வச்சேன், பாரு.”

சேணத்தைக் கவிழ்த்தார். நடுவிலிருந்த சந்தனம் கலையாமல் அப்படியே இருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சேணம் முதுகின் குழியைத் தொடவே இல்லை. பாலம் போல இரண்டு முனையில் மட்டும் உட்கார்ந்திருந்தது. ஏறுகிறவரின் பாரம் முழுவதும் மானிஸின் தோளிலும் இடுப்பிலும். ஒரே கனத்தில் எத்தனை மெத்தை போட்டாலும் குழி நிரம்பாது. அழுத்தும் இடம்தான் இன்னும் அழுத்தும்.

விளக்கியதும் அக்கா மானிஸின் கழுத்தைத் தடவினார். “பாவம் தம்பி. கடிக்குதுன்னுதானே திட்டிக்கிட்டிருந்தோம்.”

அடிப்பக்கம் நன்றாக வளைந்திருந்த ஒரு சேணத்தைத் தேர்ந்தெடுத்தோம். பழைய யோகா பாயை வெட்டி, நடுவில் தடிப்பாகவும் இரு முனையில் மெல்லியதாகவும் அடுக்கி, முதுகெலும்பை அழுத்தாதபடி அக்கா ஒரு மெத்தை தைத்தார். அதன் அடியில் சந்தனம் தடவி வைத்துப் பார்ப்பது, வெட்டுவது, மறுபடி தைப்பது. “சாமிக்குக்கூட இவ்ளோ சந்தனம் கொழச்சதில்ல” என்றார். ஒருவழியாகத் துண்டு முழுவதும் ஒரே சீராக மஞ்சளானது.

முதலாளி கைகட்டி நின்று பார்க்க, ஒல்லியான அக்காதான் முதலில் ஏறினார். அதற்குமுன் நான் வாரை இறுக்கியபோது மானிஸ் தலையைத் திருப்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அது என் கையை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு கழுத்தைத் தளர்த்தி, நிதானமாகக் களத்தைச் சுற்றி நடந்தது.

“கடிக்கலையே?” என்றார் முதலாளி.

“வலிக்கல, முதலாளி.”

மானிஸ் இன்னொரு சுற்று நடந்து வரும்வரை பார்த்தார். “நடக்க மட்டும்தான். ஓட விடக்கூடாது. சின்னப் பிள்ளைங்க மட்டும் ஏறட்டும்.”

“அப்போ மானிஸ் இங்கயே இருக்கலாமா?”

“இருக்கட்டும் லா. ஆமா, நான் வாங்கிட்டு வந்த துண்டு எங்க?”

அக்கா குதிரைமேல் இருந்தபடியே வேறு பக்கம் பார்த்தார்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் என் அப்பா வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். வந்ததும் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார். நானும் திருப்பிக் கத்துவேன். மானிஸுக்குப் பிறகு ஒருநாள், கத்துவதற்குப் பதிலாக, “எங்க வலிக்குதுப்பா?” என்று கேட்டேன். அவர் சட்டையைக் கழற்றித் தோள்பட்டையைக் காட்டினார். அன்றிலிருந்து, கோபப்படுகிற யாரைப் பார்த்தாலும், நமக்குத் தெரியாமல் எங்கோ அழுத்துகிறது போலிருக்கிறது என்றுதான் முதலில் தோன்றுகிறது.