லில்லிக்கு நடுவே தெரிந்த ஒரு காது

ஈரச் சாக்கு வாசனை, கேரட் மண் வாசனை, அதற்கு மேலே லில்லிப் பூவின் கிறுகிறுக்க வைக்கும் வாசனை... மூன்றும் கலந்தால் எனக்கு இன்றைக்கும் அந்த ஒரு நாள் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

போன வாரம் நம் குரூப்பில் நடந்த சண்டையைப் பார்த்தேன். வீட்டில் பூ அலங்காரம் எளிமையாக இருந்தால் அழகா, அள்ளிக் குவித்தால் அழகா என்று. நான் வாயே திறக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

அப்போது கொடைக்கானலில் ஒரு ரிசார்ட்டில் எனக்கு வேலை. ஹாலிலும் ரூம்களிலும் பூ வைப்பது என் பொறுப்பு. பச்சை ஸ்பாஞ்சில் நாற்பது, ஐம்பது தண்டு குத்தாமல் எனக்குக் கை அடங்காது. கைக்கு அப்படி ஒரு திமிர்!

என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று முடிவான நாளுக்கு முந்தின ராத்திரி, அங்கே ஒரு ரிசப்ஷன். மிச்சப் பூவை எடுத்துக்கொள்ளச் சொன்னார் மேனேஜர். காலையில் பக்கத்து வீட்டு அண்ணன் டவுனில் கேரட் மூட்டைகளை இறக்கிவிட்டு எங்கள் ஊர் வில்பட்டிக்குக் காலி வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். அந்த பிக்கப் நிறைய ஏற்றிக்கொண்டேன். லில்லி, கிளாடியோலஸ், கார்னேஷன், குடம் குடமாக ஹைட்ரேஞ்சியா... வழியெல்லாம் பனி. கண்ணாடி வழியே பின்னால் பார்த்தால் மேகத்துக்குள் ஒரு தோட்டம் எங்களைத் துரத்தி வருவது போலிருந்தது.

வருகிறவர் நான்காவது வரன். முந்தின மூன்று வீட்டாரும், மலைக்காரப் பெண் கீழே வெயில் தாங்கமாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். அதெல்லாம் எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை. ஆனால் இவர் போட்டோவில் காது இரண்டும் கொஞ்சம் விடைத்திருக்கும். அந்தக் காதுகள் எனக்குப் பிடித்துப்போய்விட்டன. இது மட்டும் தட்டிப்போய்விடக் கூடாது சாமி என்று உருகிக்கொண்டிருந்தேன்.

இரண்டே அறை வீடு. தண்ணீர்க் குடம், ஊறுகாய் ஜாடி, பால் கேன், எதையும் விடவில்லை. எல்லாவற்றிலும் பூ.

"ஏண்டி, இது வீடா, கல்யாண மண்டபமா? வர்றவங்க எங்கடி உக்காருவாங்க?" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரும்மா. வந்தவங்க அசந்து போகணும்."

ஒட்டன்சத்திரத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, சித்தி. "ஆத்தாடி, எம்புட்டுப் பூவு!" என்று வாசலிலேயே நின்றுவிட்டார் மாப்பிள்ளையின் அம்மா. எனக்குத் தலை கால் புரியவில்லை.

அப்புறம்தான் கூத்து. மாப்பிள்ளையின் அப்பா காதுக்குள் கிளாடியோலஸ் குத்திக்கொண்டே இருந்தது. பாவம், கழுத்தைச் சாய்த்தபடியே பேசினார். காப்பி கொடுத்துவிட்டு உட்கார்ந்து பார்க்கிறேன், எனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் ஆளுயரத்துக்கு நான் வைத்த லில்லி! இடுக்கு வழியே ஒரே ஒரு காது மட்டும் தெரிந்தது. சிவந்திருந்தது.

"வெரசா கெளம்புவோம்ங்க, பனி எறங்கிரும்" என்று எழுந்தார்கள்.

அம்மா தட்டு எடுத்து வந்தாள். மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, பழம்... தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

மல்லிகை இல்லை.

எங்கள் குளிரில் மல்லிகை வராது. கீழேயிருந்து பஸ்ஸில் வந்து, டவுன் பஸ் ஸ்டாண்டில் விற்கும். அதை வாங்கி வரவேண்டியது நான். லில்லிகளை மடியில் போட்டுக்கொண்டு அந்தப் பூக்கார அக்காவைத் தாண்டித்தான் வந்திருந்தேன். நினைப்பே வரவில்லை. வந்த பெண்களைத் தலைக்குப் பூ கொடுக்காமல் அனுப்புவது, அதுவும் பெண் பார்க்க வந்த இடத்தில்... இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் சம்பந்தம் முறிந்திருக்கிறது.

"வீடு நெறைய பூவு கெடக்கு. தலைக்கு ஒரு கிள்ளு இல்லையாக்கும்?" என்று சித்தி மெதுவாகத்தான் கேட்டார். எல்லோருக்கும் கேட்டது.

பதறிப்போய் ஒரு கார்னேஷனை ஒடித்து நீட்டினேன். சித்தி அதைக் காலிஃபிளவரைப் பார்ப்பது போலப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா தன் கொண்டையிலிருந்து ஊசியை எடுத்தார். அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து வாடிப்போன மல்லிகைச் சரம். நாரைப் பிய்த்து இரண்டாக்கினார்.

"திரும்புத்தா" என்றார்.

"ஐயோ, நீங்க வச்ச பூவுங்களே..." என்றாள் அம்மா. எங்கள் பக்கம் தலையில் வைத்த பூவைப் பிறத்தியாருக்குக் கொடுக்க மாட்டோம்.

"அசலாளுக்கா குடுக்கேன்? மகளுக்குத்தானே."

"அக்கா, வீட்டுல போயி பேசிட்டு..." என்று இழுத்தார் சித்தி.

"பேசியாச்சு" என்றார் என் அத்தை.

பின்னந்தலையில் அவர் விரல்கள் சூடாக இருந்தன. மல்லிகையும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசனை. அத்தனை லில்லிகள் இருந்த வீட்டில் அன்றைக்கு வேறெதுவும் எனக்கு மணக்கவில்லை.

இருபது வருடத்துக்கு மேல் நானும் அத்தையும் தினமும் ஒரே முழத்தை வாங்கிப் பாதி பாதியாக வைத்துக்கொண்டோம்.

அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. மாமா தெருமுனையில் இன்னும் அதே ஒரு முழம் வாங்கி வருகிறார். நானும் கைப்பழக்கத்தில் இரண்டாகக் கிள்ளிவிடுகிறேன். மகளிடம் நீட்டினால், "பாப் கட்ல எங்கம்மா வைக்கிறது?" என்று சிரிக்கிறாள்.

மறு பாதியைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலுக்கும் அடுப்படிக்கும் கொஞ்ச நேரம் நடப்பேன். அப்புறம் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, மேசை மேல் வைத்துவிடுவேன்.

வருகிறவர்கள், "சிம்பிளா எவ்வளவு அழகா இருக்கு!" என்கிறார்கள்.

ஆமாங்க என்று சொல்லிவிடுகிறேன்.