தனுஷ்கோடி மணலில் இறங்கி நடந்த நாள்

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஜீப்பை மணலில் புதைத்தவன் நான். இதை நானே சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரம் ஸ்டாண்டில் வேறு எவனாவது சொன்னால் ரெண்டு பங்கு சேர்த்துச் சொல்வான். ஆனால் அதற்குப் பிறகு தனுஷ்கோடி மணலில் என்னைப் போல வண்டி ஓட்டியவன் இந்தத் தீவில் கிடையாது. இது நான் சொல்கிற பெருமை இல்லை, ஸ்டாண்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நான் படித்தது அஞ்சாப்பு. இதில் சொல்லெல்லாம் என்னுடையது, எழுத்துப் பிழை பார்த்தது மட்டும் என் மகள்.

எனக்குக் கமுதிப் பக்கம் கரிசல் காடு. முத்திருளாண்டி என்று எங்கள் ஊரில் பெரிய சம்சாரி. மிளகாயும் பருத்தியுமாகக் கண்ணுக்கு எட்டின மட்டும் அவர் நிலம்தான். எங்கள் அய்யா அவர் காட்டில் வேலை செய்தார், நானும் செய்தேன். அவர் வீட்டுக்கு டிராக்டர் வந்தபோது ஆளாளுக்கு ஓட்டக் கேட்டு நின்றார்கள். நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளியுடைய சம்சாரம் பாண்டியம்மாள்தான் மிளகாய்க் களத்திலிருந்து என்னைக் கைகாட்டி, "அந்தக் குருசாமிப் பயலை ஏத்துங்க. கேக்காம நிக்கிறான், வண்டியைக் கெடுக்க மாட்டான்" என்றது. அப்படித்தான் நான் ஸ்டியரிங்கைத் தொட்டேன்.

பாம்பனில் ரோட்டுப் பாலம் வந்த பிறகு, தீவில் ஜீப் ஓட்ட ஆள் கேட்கிறார்கள் என்று காதில் விழுந்தது. கிளம்பிவிட்டேன். முதலாளிக்குக் கோபம். "மணல்ல ஓட்டப் போறியாக்கும். ஒரு வாரத்துல வந்து டிராக்டர் சாவியைக் கேப்ப, தர மாட்டேன்" என்றார். அந்தம்மா மட்டும் ஒரு பை நிறைய வத்தல் கட்டிக் கொடுத்தது.

எனக்கு வேலை கொடுத்தவர் பாம்பன் செய்யது பாய். பட்டாளத்து ஏலத்தில் எடுத்த ஃபோர் வீல் ஜீப் வைத்திருந்தார். முகுந்தராயர் சத்திரத்தோடு தார் ரோடு முடிந்துவிடும். அதற்கு மேல் வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல், நடுவில் மணல். முதல் நாள் மீன்காரப் பெண்கள் அஞ்சாறு பேரைக் கூடையோடு ஏற்றிக்கொண்டு போனேன். பாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னால் ரெண்டு வழி தெரிந்தது. வடகடல் ஓரமாகக் கறுத்து மின்னுகிற ஈரப்பட்டை ஒன்று. வலது கைப் பக்கம் வெள்ளை வெளேர் என்று காய்ந்த மணல். கரிசலில் மழை பெய்து ஈரமாக இருந்தால் மண் டயரில் அப்பிக்கொண்டு வண்டியை இழுத்துப் போட்டுவிடும். காய்ந்து வெடித்துக் கிடந்தால் சிமெண்டுத் தரை மாதிரி நிற்கும். அந்தக் கண்ணோடு பார்த்தேன். பாய் கையை நீட்டுவதற்குள் காய்ந்த பக்கம் ஒடித்துவிட்டேன். வண்டி கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. நாலு சக்கரமும் உள்ளே.

பின்னால் இருந்த ஒரு அக்கா, "ஏண்ணே, கடலுக்குப் பயந்து காட்டுக்குள்ள போறீகளா?" என்றது. கூடை கூடையாகச் சிரிப்பு. பாய் சிரிக்கவில்லை. இறங்கி டயரில் காற்றைக் குறைத்தார். பனையோலையைச் சக்கரத்துக்கு அடியில் சொருகினார். வண்டி வெளியே வந்த பிறகுதான் பேசினார்.

"தம்பி, உங்க ஊருல ஈரம் எதிரி. இங்கன ஈரம்தான் ரோடு."

அதோடு புரிந்துகொண்டேன். மறுபடி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டி இருக்கவில்லை.

2. ரோடு என்று ஒன்று இல்லை

டூரிஸ்ட் வருகிறவர்கள் சத்திரத்தில் இறங்கி, "ரோடு எங்கண்ணே?" என்பார்கள். "நம்ம போன பொறகு திரும்பிப் பாருங்க, தெரியும்" என்பேன்.

காலையில் தண்ணீர் வற்றி மணல் இறுகிக் கிடக்கும். தேர்ட் கியரில் போகலாம், டீ கிளாஸ் தளும்பாது. வெயில் ஏற ஏற மேல் மணல் உதிர்ந்து மாவாகிவிடும், அப்போது செகண்ட். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் சீறிக்கொண்டு இருக்கும், வடகடல் குளம் போலக் கிடக்கும். வாடைக் காற்று வந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். வடகடல் பொங்கி உள்ளே வரும். நேற்று வண்டி போன இடத்தில் இன்றைக்கு நாரை நிற்கும். இரண்டு பக்கமும் ரெண்டு நீலம், நடுவில் நம் வண்டி மட்டும். பகலெல்லாம் பார்த்தாலும் சலிக்காது. வேடிக்கை பார்க்கிறவன் புதைவான், அதுதான் ஒரே குறை.

இரண்டு விதி எல்லோருக்கும் பொது. புதைந்த வண்டியைப் பார்த்தால் தாண்டிப் போகக் கூடாது. புதைந்த வண்டியில் எவனும் உட்கார்ந்திருக்கக் கூடாது, எவனாக இருந்தாலும் இறங்கணும். பெரிய பெரிய ஆபீசர்களை எல்லாம் பேண்டை மடித்துக்கொண்டு தள்ள வைத்திருக்கிறேன்.

பாய் வண்டியை ஓட்டி, பிறகு சொந்தமாகவே ஒன்று எடுத்தேன். அடகும் கடனும் இல்லாமல் வாங்கிய வண்டி. அதன் முன்னால் நின்று எடுத்த போட்டோ இன்னும் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

3. முதலாளி வந்தது

ஒரு கார்த்திகை அமாவாசை. வாடை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஸ்டாண்டில் யாரும் வண்டியை எடுக்கவில்லை. அமாவாசைக்குத் தண்ணீர் கூடுதலாக ஏறும், பின்னேரம் பார்த்துக்கொள்ளலாம் என்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது முத்திருளாண்டி வந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. கூட மகன் வீரபாண்டி. முதலாளி கையில் வெள்ளைத் துணியால் வாய் கட்டிய கலயம்.

நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "பாண்டியம்மா போயிட்டா. ரெண்டு கடலும் சேருற எடத்துல கரைக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்கா. சடங்கெல்லாம் கோயில் வாசல்ல முடிஞ்சது. உச்சிக்கு முன்னாடி கரைக்கணும்."

மற்ற டிரைவர்கள் என்னைப் பார்த்தார்கள். "ஏறுங்க மொதலாளி" என்றேன். யாரும் போகாத நாளில் நான் போவேன் என்று ஒரு வீம்பும் அதில் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

முன் சீட்டில் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. அஸ்திக் கலயத்தைக் கையில் எடுத்துவிட்டால், தண்ணீரைத் தொடுகிற வரைக்கும் தரையில் வைக்கக் கூடாது. கொஞ்ச தூரம் போனதும், "ஏலே, மணலை ஓட்டுறியா, அள்ளித் திங்கிறியா? தொப்பை வச்சிருச்சே" என்றார். அந்த நிலைமையிலும் அவருக்குக் கிண்டல் போகவில்லை. எனக்கும் கொஞ்சம் லேசானது.

முந்தின நாள் சாயங்காலம் நான் போட்ட தடம் ஈரப்பட்டையில் அப்படியே இருந்தது. என் தடம், எனக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? அதிலேயே விட்டேன். பாதி வழியில் முன் சக்கரம் சத்தமே இல்லாமல் இறங்கியது. ஆக்சில் தரையில் உட்கார்ந்துவிட்டது. மேலே தடம் கெட்டியாகத் தெரிந்தது, அடியில் வடகடல் தண்ணீர் ஊறி மணல் கூழாகிக் கிடந்தது. அந்தப் பக்கம் பார்த்தால் தண்ணீர் வெள்ளைக் கோடாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. எஞ்சினுக்குள் உப்புத் தண்ணீர் போனால் வண்டியோடு என் பிழைப்பும் போச்சு. நடந்து போவதென்றால் ரெண்டு கடலும் சேருகிற முனைக்கு வெகு தூரம். உச்சிக்குள் அந்தம்மா கடலைப் பார்க்காது.

இறங்கிக் காற்றைக் குறைத்தேன். ஓலையைச் சொருகினேன். வீரபாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அய்யா உக்காந்திருக்கட்டும், நான் தள்ளுறேன்" என்றான். அவர் கனத்த ஆள். அவர் உட்கார்ந்திருந்தால் முன் பாரம் குறையாது. விதி எனக்குத் தெரியும். ஆனால் சின்ன வயதிலிருந்து அந்த மனிதர் உட்காரச் சொல்லி நான் உட்கார்ந்திருக்கிறேன், நிற்கச் சொல்லி நின்றிருக்கிறேன். நான் அவருக்கு ஒன்றும் சொன்னது கிடையாது.

"மொதலாளி, எறங்கணும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். கலயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். வெறுங்கால்.

நான் ரிவர்ஸ் போட்டேன், வீரபாண்டி முன்னாலிருந்து தள்ளினான். ரெண்டு தரம் வழுக்கியது, மூன்றாவது தரம் ஓலையைப் பிடித்துக்கொண்டு வண்டி வெளியே வந்தது. வந்து என்ன செய்ய? முன்னால் ஈரப்பட்டை முழுக்கக் கூழ். இந்தப் பக்கம் காய்ந்த மணல், முதல் நாள் என்னைத் தின்ற மணல். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யோசனை ஓடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குள் முதலாளி நடக்க ஆரம்பித்திருந்தார். காய்ந்த மணல் பக்கம் ஏறி, அடப்பங்கொடி படர்ந்து கிடக்கிற மேட்டில் நின்றார். குதிகாலை ஊன்றி அழுத்தினார். கொஞ்சம் தள்ளிப் போய் இன்னொரு தரம் அழுத்தினார்.

"ஏலே, இங்கன வா. வேர் ஓடுன மண்ணு இது, உள்ள போகாது" என்று கூப்பிட்டார்.

அத்தனை வருஷத்தில் அந்தக் கொடி மேல் நான் வண்டியை ஏற்றியதே இல்லை. காய்ந்த மணலில்தானே அது கிடக்கிறது, காய்ந்த மணல் என்றாலே எனக்கு ஆகாது. ஃபர்ஸ்ட் கியரில் மெதுவாக ஏற்றினேன். வண்டி நின்றது, இறங்கவில்லை.

பிறகு போனது இப்படித்தான். அவர் கலயத்தோடு முன்னால் நடந்தார். கொடி விட்டுப் போன இடத்தில் நின்று காலால் தடவிப் பார்த்து, கையைக் காட்டாமல் தலையை மட்டும் அசைப்பார். கை ரெண்டும் அந்தம்மாவைப் பிடித்திருந்தது. அவர் கால் பட்ட இடத்தில் என் சக்கரத்தை வைத்தேன். தென்பக்கம் கடல் அமைதியாகக் கிடந்தது. ரெண்டு கடலுக்கும் நடுவில் அந்தம்மா முன்னால் போக, என் ஜீப் பின்னாலேயே போனது. தரை இறுகிய பிறகு, "ஏறுங்க" என்றேன். ஏறிக்கொண்டார். உச்சிக்கு முன்னால் முனைக்குப் போய்விட்டோம்.

நான் வண்டிப் பக்கமே நின்றேன். வீட்டு ஆட்கள் காரியம், நாம் ஏன் குறுக்கே என்று. இடுப்பளவு தண்ணீருக்குள் போனவர் திரும்பிப் பார்த்தார்.

"குருசாமி, இங்கன வா."

போனேன்.

"அவதான் உன்னை வண்டியில ஏத்துனா. நீ ஒரு கை பிடிச்சு எறக்கி விடு."

மூன்று பேரும் பிடித்துக் கரைத்தோம். கலயம் இவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

திரும்பி வரும்போது நான் புதைந்த இடத்தைத் தேடினேன். அது கடலாக இருந்தது. முதலாளி பஸ் ஏறும்போது, "டிராக்டர் சாவி கேட்டு நீ வரவே இல்லையேடா" என்றார். "குடுக்க மாட்டேன்னீகளே" என்றேன். அதற்குத்தான் சிரித்தார், அன்றைக்கு முதல் தடவையாக.

4. கற்றுக்கொண்டது

மறுநாளிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். தடம் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், அது என் தடமாகவே இருந்தாலும், பாதி வழியில் வண்டியை நிறுத்துவேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முன்னால் நடந்து பார்ப்பேன். ஸ்டியரிங் பிடிக்கிற கைக்குத் தரை தெரியாது. நேற்றைய தரையைத்தான் அதற்குத் தெரியும். ஸ்டாண்டில் புதுசாக வருகிற டிரைவர் தம்பிகள் இதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, செய்தால் போதும்.

இங்கே தார் ரோடு வரப்போகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். வரட்டும். அது வருகிற வரைக்கும் மணல்தான். வண்டியை இப்போது என் மருமகன் ஓட்டுகிறான். நானும் சில நாள் கூடப் போவதுண்டு. பாதி வழியில் அவனை நிறுத்தச் சொல்லி இறங்குவேன். ஆத்திர அவசரத்துக்கு இறங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு டூரிஸ்ட் எல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

திரும்பிக்கொள்ளட்டும். நான் பாட்டுக்கு அடப்பங்கொடி மேல் நடந்து பார்த்துவிட்டு வந்து ஏறிக்கொள்வேன்.