விலிமோனே கொடுத்த சொறி

கந்தாவுத் தீவில் விலிமோனேயைப் போல ஒரு தாராளப் பிரபு கிடையாது. கேட்டவனுக்கு இல்லை என்பது எங்கள் ஊரில் மானக்கேடு. அதனால்தான் மற்ற நாங்கள் எல்லோரும், கேட்கிறவன் தூரத்தில் வரும்போதே வேறு பக்கம் நடந்துவிடுவோம். இவன் நின்று கொடுப்பான். புதுச் சட்டை, படகுத் துடுப்பு, அடுப்பில் வெந்துகொண்டிருந்த மரவள்ளிக்கிழங்குகூட, பானையோடு! கேட்காமலே கொடுத்தது ஒன்றே ஒன்றுதான், சொறி.

அதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி. தோலுக்குள் வளை தோண்டி, முட்டையிட்டு, குடும்பம் நடத்தும். தோலோடு தோல் ஒட்டினால் அடுத்த ஆளிடம் குடிபோகும். நாங்கள் ஒட்டாமல் இருக்கிற ஜனமா? எல்லோரும் ஒரே பாயில் படுக்கிறோம், ரக்பியில் தோளோடு தோள் பூட்டி முட்டுகிறோம். ஜெப நேரத்தில் தேவாலயம் முழுக்கப் பரக் பரக் என்று சத்தம். போதகரும் சொறிந்துகொண்டேதான் ஆமென் சொன்னார்.

இந்த நேரம் பார்த்து விலிமோனேக்கு மகள் பிறந்தாள். தலைப்பிள்ளை. மனைவி லித்தியானா தாய்வீட்டு வாசலிலேயே மறித்தாள்.

"கிட்ட வராதீங்க! அந்தச் சொறிய தொலைச்சுட்டு வாங்க. அப்புறம்தான் பிள்ளைய தொடணும்."

பாவி மனுஷன் சன்னல் வழியாகப் பார்த்து அழுதான். ஒரு கை கண்ணைத் துடைத்தது, மறு கை முதுகைச் சொறிந்தது.

ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி வந்தான். படகுத்துறையிலேயே மச்சான் இனோக்கே பிடித்துக்கொண்டான்.

"மச்சான், அரிப்புல உயிர் போவுது. அத இப்படிக் குடேன்."

கொடுத்துவிட்டான். இனோக்கேக்கு அரிப்பு நின்றது. வீட்டில் மற்றவர்கள் சொறிந்துகொண்டிருந்தார்களே, திரும்பவும் ஒட்டிக்கொண்டது. விலிமோனே மறுபடி வாங்கி வந்தான். போதகர் கேட்டார். கொடுத்தான்.

மூன்றாம் முறையும் மாத்திரை கேட்டுப் போய் நின்றதும், ஆஸ்பத்திரி நர்ஸ் அகனிசிக்கு வந்ததே கோபம்! மாத்திரைப் பெட்டியோடு ஊருக்கே வந்து, மைதானத்தில் எல்லோரையும் நிறுத்தினாள்.

"ஒருத்தர் பாக்கின்னாலும் பூச்சி திரும்ப ஊர் சுத்தும். அரிக்காதவங்களும் இன்னிக்கே முழுங்கணும்!"

எங்கள் தலைவர் தன் பங்கை, பக்கத்துத் தீவு விருந்தாளி கேட்டதும் பெருமையாகத் தூக்கிக் கொடுத்துவிட்டார். பிறகு நேரே விலிமோனேயிடம் வந்து கையை நீட்டினார்.

"உன்னோடத குடுப்பா."

ஊரே சொறிவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. தலைவரிடம் முடியாது என்று சொன்னவன் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. விலிமோனேக்கு மகள் முகம் நினைவுக்கு வந்தது. மாத்திரைகளை மொத்தமாக வாயில் போட்டு, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினான். வாயை ஆவென்று திறந்து பணிவோடு காட்டினான்.

"இப்பக் கேளுங்க ஐயா, தர்றேன்."

நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். தலைவருக்கு வேறு மாத்திரை எடுத்து, எதிரே நின்று விழுங்க வைத்தாள்.

ஒரு வாரம் கழித்து அடுத்த தவணை மாத்திரையையும் ஊரே விழுங்கியது. பாயும் துணியும் வெந்நீரையும் வெயிலையும் பார்த்தன. தோல் ஆறிய பிறகு லித்தியானா மகளை அவன் மடியில் வைத்தாள். மூச்சு விடவும் பயந்து உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் குழந்தை சிணுங்கியது.

"குடுங்க, பால் குடுக்கணும்," என்றாள் லித்தியானா.

"மாட்டேன்," என்றான் விலிமோனே.