வரிசைக்கு வெளியே எங்கள் பானை

எங்கள் வீட்டுக்கு ஊரில் ‘வந்தவன் வீடு’ என்று பெயர். யார் வந்தவன், எங்கிருந்து வந்தான் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. திருவாமாத்தூர்ப் பக்கத்தில் எங்களுக்குச் சொந்த நிலம் இருந்தது. கேப்பையும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையும் குறைவில்லாமல் விளைந்தன. ஊர்க் கூட்டத்தில் அப்பாவின் பேச்சுக்கு மரியாதை உண்டு. ஆனாலும் வரப்புச் சண்டை, வாய்க்கால் சண்டை என்று வந்துவிட்டால் போதும், எதிராளி கடைசியில் "போய்யா, வந்தவன் வூட்டுக்காரா" என்று சொல்லிவிட்டுப் போவான். அப்பாவுக்கு மீசை துடிக்கும். அந்த மீசையைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அந்தப் பெயரைவிட அப்பாவை அதிகம் வதைத்தது, எங்கள் குலதெய்வத்தின் முன்னால் எங்கள் பொங்கல் பானைக்குக் கிடைத்த இடம்.

கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே தள்ளி வயல் நடுவில் இருந்தாள் எங்கள் அம்மன். கோபுரம் கிடையாது, கூரையும் கிடையாது. ஒரு வேப்பமரம், அதன் அடியில் மஞ்சள் பூசிய ஒரு கல், அவ்வளவுதான். ஆடியில் ஒரு நாள் அவளைக் கும்பிடும் வீடுகளெல்லாம் கூடிப் பொங்கல் வைப்போம். நாங்கள் விழுப்புரத்தில் ரயில் ஏறி, மயிலத்தில் இறங்கி, பானையும் அரிசியுமாக நடப்போம். மற்றவர்கள் திண்டிவனத்திலிருந்தும் சுற்றுவட்டத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அவர்கள் எல்லாரும் பங்காளிகள். ஆதியில் ஒரு தகப்பனுக்குப் பிறந்த அண்ணன் தம்பிகளின் வம்சம் என்று அர்த்தம். அவர்கள் பானைகள் அம்மனுக்கு எதிரே ஒரே வரிசையில் இருக்கும். எங்கள் பானை மட்டும் வரிசைக்கு வெளியே, பனைமரத்தடியில், தனியாக மூன்று கல்லின்மேல் இருக்கும். பூசை முடிந்ததும் பூசாரி வெற்றிலை பாக்கை முதலில் எங்களிடம் கொண்டுவந்து நீட்டிவிட்டுத்தான் வரிசைப் பக்கம் போவார்.

"பாத்தியா, பிச்சைக்காரனுக்கு மொதல்ல போட்டுத் தொரத்தி வுடுற மாதிரி" என்று அப்பா பல்லைக் கடிப்பார்.

அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே அவருடைய அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். தாயும் அதிக நாள் இல்லை. தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவர் அவர். அதனால் பானை ஏன் வெளியே இருக்கிறது என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. அப்பா தாமாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். நம்மை மட்டமாக நினைக்கிறார்கள், அதுதான் காரணம்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும், ஓர் ஆடியில் அப்பா வெடித்தார். அம்மாவின் இடுப்பிலிருந்த பானையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு போய், வரிசையில் முதலாவதாக இருந்த திண்டிவனத்து வீட்டுப் பானைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நானும் இந்த ஆத்தாவைத்தான் கும்புடுறேன். நானும் பங்காளிதான். ஆத்தா மேல ஆணையா சொல்றேன். இல்லைன்றவன் இன்னா காரணம்னு சொல்லு!"

 எங்கள் பானை வெளியே இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. திண்டிவனத்து வீட்டுத் தலைவர் சாதுவான மனிதர். "சரி, வெச்சிக்க தம்பி. எல்லாம் ஆத்தா சோறுதான்" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். அன்றிலிருந்து அப்பாவுக்கு அவர் அண்ணன், எனக்குப் பெரியப்பா. திரும்பி வரும்போது ரயில் முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள், எதிரே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் அப்பா வரிசையில் இடம் பிடித்த கதை தெரிந்துவிட்டது.

யுத்த காலத்தில் திண்டிவனத்து வீட்டில் பெரியப்பாவின் தாயார் இறந்துபோனார். எங்களுக்குக் கறுப்புக் கரை போட்ட கருமாதிக் கடுதாசி வந்தது. பங்காளி என்ற முறையில் எங்களுக்கு வந்த முதல் கடுதாசி அது. அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சந்தை வரைக்கும் போய்க் காட்டிவிட்டு வந்தார். சாவுச் சேதியைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி காட்டித் திரிந்த வேறொருவரை நான் பார்த்ததில்லை. பங்காளிக்குக் கருமாதியன்று மொட்டை உண்டு, மீசையும் போகும். எங்கள் பக்கத்திலேயே அப்பாவின் மீசைக்கு ஈடு கிடையாது. அதைச் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு, உரித்த பனங்கிழங்கு மாதிரி எழுந்து வந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

அப்போது அங்கே உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, செத்துப்போனவரின் நாத்தனார், வாயில் புகையிலையோடு முணுமுணுத்தாள்: "இவன் இன்னாத்துக்கு மொட்ட அடிச்சிக்கினு நிக்கிறான்?"

சாவு வீட்டு இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை, அம்மாவின் காதைத் தவிர. அம்மா எதையும் கீழே சிந்தமாட்டாள், காதில் விழுந்த பேச்சையும்கூட. கேட்டாள், முடிந்துவைத்துக்கொண்டாள், வாயைத் திறக்கவில்லை.

அப்பா சண்டை போட்டு வாங்கியது திண்டிவனத்து வீட்டுப் பானைக்குப் பக்கத்து இடம் இல்லையா? அதனால்தான் நான் அவரைப் பார்த்தேன். அவர் என்றால் என் வீட்டுக்காரர். அந்த வீட்டின் இரண்டாவது பிள்ளை. திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் வேலை. ஒவ்வோர் ஆடியிலும் எங்கள் அடுப்புக்கு அவர்தான் நெருப்பு எடுத்துக் கொடுப்பார். அண்ணன் தங்கச்சி முறை என்பதால் நாங்கள் பேசுவதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. "தங்கச்சிக்கு நெருப்பு குடுடா" என்பார் அவர் அம்மா. அவர் நெருப்பைக் கொடுப்பார், அந்த வார்த்தையை மட்டும் சொல்லமாட்டார். "இந்தா" என்பார். நானும் ஒரு நாளும் அவரை அண்ணா என்று கூப்பிடவில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் பார்க்கிற முகம், வருஷம் முழுவதும் கூடவே இருந்தது.

யுத்தம் முடிந்த பிறகு வந்த ஆடியில், அடுப்பை ஊதுகிற சாக்கில் சொன்னார். "எனக்குப் பொண்ணு பாக்கறாங்க. வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

"உனுக்குத் தெரியாதா? வேற சாமியக் கும்புடுற வூட்ல பொறந்திருக்கக் கூடாதா நீ?"

எனக்குக் கண்ணீர் கொட்டியது. நல்லவேளையாக அடுப்பில் புகை இருந்தது.

அவர் வீட்டில் சொல்லிவிட்டார். பிறகு கேட்க வேண்டுமா! அங்கே அவர் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாராம். சேதி இங்கே வந்ததும் அப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "கூடப் பொறந்தவளக் கட்டிக்கிறேன்றானா? அடுக்குமா? பங்காளி வூட்டுப் பேர நாறடிக்கவா நான் அந்த எடத்த வாங்கினேன்?" ஜல்தியாக எனக்குப் பண்ருட்டிப் பக்கம் மாப்பிள்ளை பார்க்க ஆள் அனுப்பினார். தை பிறந்தால் கல்யாணம் என்று பேச்சு. நான் அம்மாவிடம் நேராகவே சொன்னேன். அவர் இல்லை என்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம்.

அம்மா என்னைத் திட்டவில்லை. "ஒரு நாளைக்குத் திண்டிவனம் போய்ட்டு வரலாம் வா. அந்தக் கெழவியக் கேக்கணும்" என்றாள்.

நாங்கள் போனபோது கிழவி திண்டிவனத்தில் தன் பிள்ளை வீட்டு முற்றத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து நாலு காய் உடைத்துப் போட்டுவிட்டு மெதுவாகத் தொடங்கினாள். "ஆயா, அன்னைக்குச் சாவு வூட்ல எங்க வூட்டுக்காரரப் பாத்து, இன்னாத்துக்கு மொட்டைன்னு சொன்னீங்களே, ஏன் சொன்னீங்க?"

"வேற இன்னா சொல்லுவாங்க? பங்காளிக்குத்தானே மொட்டை. உன் புருசன் எப்டிப் பங்காளி ஆவான்? அவன் அப்பனுக்குத்தான் என்னைக் கட்டிக் குடுக்கறதா இருந்தாங்களே! அண்ணன் தம்பி மொறையில எவனாச்சும் பொண்ணு பேசுவானா?"

நான் கிழவியின் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

"நான்தான் மாட்டேன்னுட்டேன்" என்று கிழவி வெட்கத்தோடு சிரித்தாள். "காது ரெண்டும் மொறம் மாரி இருக்கும் அவனுக்கு."

அம்மா திரும்பி என் காதைப் பார்த்தாள். அந்தக் காது எனக்கும் உண்டு.

பிறகு கிழவி முழுவதையும் சொன்னாள். பஞ்ச காலத்தில் செய்யாற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் தனியாக நடந்து வந்தானாம். வீடு, உறவு எல்லாம் போய்விட்டது. கிழவியின் அப்பா வீட்டில், அதாவது பெரியப்பாவின் திண்டிவனத்து வீட்டில், வேலைக்குச் சேர்ந்தான். அவன் உழைப்பையும் குணத்தையும் பார்த்து, கிழவியின் அத்தையை அவனுக்கே கட்டிக்கொடுத்து, வீட்டோடு மாப்பிள்ளையாக வைத்துக்கொண்டார்கள். பிற்பாடு திருவாமாத்தூர்ப் பக்கத்தில் இருந்த நிலத்தைப் பெண்ணுக்கு மஞ்சக்காணிச் சீதனமாகக் கொடுத்துக் குடிவைத்தார்கள். அவனுக்குத் தன் குலசாமி எதுவென்றே தெரியவில்லை. அதனால் பெண்டாட்டி வீட்டு அம்மனையே கும்பிட்டான். அவனுடைய பேரன்தான் என் அப்பா.

"மாப்பிள்ளைய வரிசையில நிக்க வெப்பாங்களா? தனி எடம், தனிக் கல்லு. மொத தாம்பூலம் மாப்பிள்ளைக்குத்தான். அவனாண்ட குடுத்துட்டுத்தான் நாங்க தொடுவோம்."

"இத்தனை நாளா ஏன் ஆயா சொல்லல?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

"கட்டிக் குடுத்த பொண்ணு நான். புருசன் வூட்டுச் சாமிக்குத்தானே போறேன்? அங்க நீங்க போட்ட கூத்து எனக்கு இன்னாடி தெரியும்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் எனக்கு அண்ணனும் இல்லை, ஒன்றும் இல்லை. முறைமாப்பிள்ளை! அம்மா சிரிக்கவில்லை. "இத உங்க அப்பா தாங்கணுமே" என்றாள்.

அந்த வாரமே கிழவி தன் அண்ணன் மகனிடம், அதாவது திண்டிவனத்துப் பெரியப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். ஆனால் ஒன்று சொல்லி அனுப்பினார். "எனக்குப் பூரண சம்மதம். ஆனா பங்காளின்னு ஆத்தா முன்னாடி ஆணையிட்டது அவருதான். அவரேதான் ஆத்தா முன்னாடி பானைய எடுக்கணும். இல்லைன்னா நாளைக்கு ஒலகம் பேசும்."

அப்பா துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ எனக்கு அண்ணன் தம்பின்னு ஒருத்தனும் இல்ல. எங்கிருந்தோ ஓடி வந்தவன் பேரன் நான். ஊர்ல சொன்னதெல்லாம் நெசம்."

எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. மகள் வாழ்க்கையைவிட வரிசையில் ஓர் இடம் பெரிதா என்று கத்தினேன். அம்மா என்னைக் கையமர்த்தினாள். சோறு போட்டபடி, அப்பாவைப் பார்க்காமலே சொன்னாள்.

"பஞ்சத்துல ஒண்டியா ஓடி வந்தவன நம்பிப் பொண்ணு குடுத்து, நெலமும் குடுத்திருக்காங்க. அவன் எப்பேர்ப்பட்ட ஆளா இருந்திருப்பான்!"

 அதற்குப் பிறகு அப்பா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் பண்ருட்டிக்காரர்களுக்கு, இந்தத் தையில் இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினார். நான் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஆடி வரைக்கும் கிடந்தேன்.

ஆடி வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் பானைகளை வைத்துவிட்டிருந்தார்கள். திண்டிவனத்து வீட்டுப் பானைக்குப் பக்கத்தில் எங்கள் இடம் மட்டும் காலியாக இருந்தது. எல்லாருக்கும் விஷயம் தெரியும். யாரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பா அம்மாவின் இடுப்பிலிருந்து பானையை வாங்கினார். நேராக வரிசைக்குப் போய், காலி இடத்தின் முன்னால் நின்றார். எனக்கு உயிர் போய்விட்டது. எல்லாம் முடிந்தது, பண்ருட்டிதான் என்று நினைத்தேன். அவர் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதைத் தாண்டி நடந்தார்.

பனைமரத்தடியில் பழைய கற்கள் மண்ணில் பாதி புதைந்து, புல் மூடிக் கிடந்தன. பானையைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்துத் துடைத்து அடுப்புக் கூட்டினார். பானையை மேலே ஏற்றினார். வரிசைப் பக்கம் திரும்பி, வயல்காடு முழுவதும் கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

"மச்சான்! நெருப்பில்லாம நிக்கிறேன், பாத்துக்கினே இருக்கிறியே!"

அதுவரை திண்டிவனத்துப் பெரியப்பாவை "அண்ணே" என்று விறைப்பாக நின்று கூப்பிட்டவர் என் அப்பா.  அந்தப் பெரியவர் பெரிதாகச் சிரித்தார்.

"வர்றேன் மாப்ள! பங்காளி பங்காளின்னு பக்கத்துலயே குந்திக்கினு, எந்நேரம் நெலத்துல பங்கு கேப்பியோன்னு பேஜாரா இருந்துச்சி. இனிமே தூக்கம் வரும்!"

வரிசை முழுவதும் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அந்த இடத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பங்காளியிடம் அப்படி ஒரு பேச்சு பேச முடியுமா? மச்சானிடம்தான் முடியும். அண்ணன் தம்பி இல்லை என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவருக்கு, கேலி பேசுவதற்கு ஒரு வரிசையே கிடைத்துவிட்டது.

"டேய், மாமாவுக்கு நெருப்பு எடுத்துக்கினு போ" என்றார் பெரியவர் தம் பிள்ளையிடம். அவர் கொண்டுவந்தார். "இந்தாங்க மாமா" என்று கொடுத்தார். இந்த முறையில் கூப்பிட அவர் நாக்கு கொஞ்சமும் தயங்கவில்லை.

பூசை முடிந்ததும் பூசாரி தட்டோடு இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு பனைமரத்தடிக்கு வந்தார். அப்பா இரண்டு கையாலும் முதல் தாம்பூலத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்படியே கொண்டுபோய் மச்சான் கையில் கொடுத்தார்.

"உங்க வூட்ல பொண்ணு குடுத்துத்தான் எங்க வூடு உண்டாச்சி. எங்க வூட்டுப் பொண்ண நீங்க எடுத்துக்கங்க."

நிச்சயதார்த்தம் என்று எங்களுக்குத் தனியாக ஒன்று நடக்கவில்லை. அதுதான்.

மறு வருஷம் நான் திண்டிவனத்து மருமகளாக, வரிசைக்குள்ளே நின்று பொங்கல் வைத்தேன். சின்ன வயதில் எந்த இடத்தில் நிற்கக் கூசினேனோ அந்தப் பனைமரத்தடியை அங்கிருந்து பார்த்தேன். அப்பா நன்றாக வளர்ந்துவிட்ட மீசையோடு அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். வழியோடு போன யாரோ ஒருவர் நின்று, எல்லாரும் அங்கே இருக்க இவர் மட்டும் ஏன் தனியாக என்று நினைத்தாரோ என்னவோ, "நீங்க எந்த வூடு?" என்று கேட்டார்.

அப்பா மீசையைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தார். "நாங்க வந்தவன் வூடு" என்றார்.