அம்மாவின் குரலுக்கு நின்ற குதிரை

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எழுத்தும் கோணல், ஞாபகமும் ஓட்டை. பொறுத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகள் கேட்டதால் குதிரை ஓட்டத்தை மட்டும் எழுதுகிறேன்.

ஜேர்மன் சண்டைக்கு முந்திய காலம். எனக்குக் கலியாணமான புதிது. களுவாஞ்சிக்குடியில் எங்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து இருப்பார். என் வீட்டுக்காரர் பெட்டியோடு ஒரு குதிரையையும் கொண்டுவந்தார். காத்தான்குடியில் துணி வண்டி இழுத்த மட்டக்குதிரை அது.

அம்மாவும் அவரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. மாமிக்கும் மருமகனுக்கும் அந்தக் காலத்தில் அதுதான் மரியாதை. சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லுவார்கள். நான் கிணற்றடிக்குப் போயிருந்தால் அம்மா அவர் காதில் விழும்படி குதிரையிடம் சொல்லுவார்.

"குதிரை, பின் வேலி சரிஞ்சு கிடக்கு. மாடு வந்து கத்தரியைத் திண்டா ஆர் பொறுப்பு?"

மறுநாள் வேலி நிமிர்ந்துவிடும்.

"குதிரை, சந்தைக்குப் போனா உப்பையும் நினைச்சுக்கொள்."

உப்பு வந்துவிடும். மிருகத்தோடு சும்மா பேச வெட்கமோ என்னவோ, பேசி முடிந்ததும் ஒரு பிடி பிண்ணாக்கை அதன் வாயில் வைப்பார். பிறகு அம்மா இருமினாலே குதிரை காதைத் தூக்கும்.

அந்த வருடம் துரைமார் ஓர் ஓட்டம் வைத்தார்கள். கல்லடிப் பாலத்தடியில் தொடங்கி, எங்கள் வீட்டுத் தெருவால் பெரியகல்லாறு வரை போய்த் திரும்ப வேண்டும். நொண்டாமல் முதலில் வந்து சேரும் குதிரைக்குத்தான் வெற்றி. என் வீட்டுக்காரர் விடுவாரா? அறுவடை முடிந்த வட்டையில் வயல் நெடுக நடத்தினார். வாவிக்கரை மணலில் ஓட்டினார். பின்னேரம் தண்ணீரில் இறக்கி முதுகு தேய்த்துக் குளிப்பாட்டினார். எனக்கு ஒரு வாளி தண்ணீர் அள்ளித் தந்ததாய் ஞாபகம் இல்லை.

கொள்ளு மூட்டை வெறுமையாவதைப் பார்த்து ஒருநாள் அம்மா சொன்னார்: "குதிரை, இந்த ஓட்டத்தில முதலா வராட்டி, வந்த இடத்துக்கே போய்ச் சேர்."

கேட்டுக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரரின் முகம் சுருங்கிவிட்டது. அந்த வளவில் அவருடையதென்று இருந்தது அது ஒன்றுதான்.

ஓட்டத்தன்று தெருவெல்லாம் சனம். போகும்போது என் வீட்டுக்காரர் ஏறாவூர்க்காரர் ஒருவரின் வெள்ளைக் குதிரைக்குப் பின்னால் போனார். அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போது அவர்தான் முன்னுக்கு! ஆனால் தலைப்பாகை எங்கோ விழுந்து, முகம் சுட்ட கிழங்கு மாதிரி இருந்தது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"குதிரை, தலையில ஒரு துண்டும் இல்லாம இந்த வெயிலுக்க எங்க ஓடுறாய்?"

அவ்வளவுதான். குதிரை நின்றது. திரும்பி வேலிக் கடப்பு வாசலுக்குள் வந்து, பிண்ணாக்குக்கு வாயைத் திறந்தது.

அவர் குதிகாலால் உதைத்தார், கெஞ்சினார். அது அசையவில்லை. "புள்ள, அதைப் போகச் சொல்லச் சொல்லு!" என்று என்னிடம் கத்தினார்.

நான் சொன்னேன். அம்மா பதறிப்போய், "குதிரை, போ! போயிரு!" என்றார். குரல் கேட்டதும் அது இன்னும் இரண்டடி கிட்ட வந்தது.

ஏறாவூர்க்காரர் தெருவால் போகிற போக்கில், "என்ன மச்சான், மாமி வீட்டு விருந்தா? சாப்பிட்டு ஆறுதலா வாங்க!" என்றார். சனம் சிரித்தது. நானும் சீலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டேன்.

அம்மா குசினிக்குள் ஓடிப்போய்ப் பிண்ணாக்கு அள்ளிவந்து கொடுத்த பிறகுதான் குதிரை தெருவுக்கு இறங்கியது. அதற்குள் எல்லாரும் தாண்டிவிட்டார்கள். அவர் கடைசியாய்ப் போய்ச் சேர்ந்தார்.

பொழுதுபட வீட்டுக்கு வந்தவர் கயிற்றைப் பிடித்தபடி முற்றத்தில் நின்றார். கதவுப் பக்கம் கேட்கும்படி என்னிடம், "நாளைக்கு இதைக் காத்தான்குடியில விட்டுட்டு வாறன்" என்றார்.

கதவு திறந்தது. அம்மா வெளியே வந்து, முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

"மகன், அது நான் கூப்பிட்டதால நிண்டது. வழக்கமாக் கட்டுற இடத்திலயே கட்டுங்க."

அவர் கையிலிருந்த கயிறு கீழே விழுந்துவிட்டது. "ஓம் மாமி" என்றார். குதிரை அம்மாவிடம் நடந்துபோய் வாயைத் திறந்தது.

அன்றிலிருந்து அம்மா அவரோடு நேராகவே பேசினார். வேலைகளும் நேராகவே வந்தன. குதிரை நடுவில் நின்ற காலம் தேவலை என்று அவர் என்னிடம் முணுமுணுப்பார்.

குதிரை சிவலையா கறுப்பா என்பதில் எனக்குச் சந்தேகம். ஓட்டம் சிறுபோகம் வெட்டிய பிறகா, பெரும்போகம் வெட்டிய பிறகா என்பதும் தெளிவில்லை. அன்று சனத்தோடு நின்று சிரித்தவர்கள் யாராவது இருந்தால் கேட்டுத் திருத்திவிடுங்கள்.