கை தூக்கிச் செய்யும் வேலை

1. முதல் நாள்

என் முதல் நோயாளி எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு வங்காளி அம்மா. கல்கத்தாவின் கிடர்பூரில் நான் வேலைக்குச் சேர்ந்த கண் மருத்துவமனையில், பவர் பார்க்கும் ரிஃப்ராக்‌ஷன் அறையில் அவருக்கு ட்ரையல் ஃப்ரேமை மாட்டி, முதல் லென்ஸைப் போட்டேன். அவர் சேலைத் தலைப்பை எடுத்து மூக்கை மூடிக்கொண்டார். இருமப் போகிறார் என்று காத்திருந்தேன். இருமவில்லை. அடுத்த லென்ஸுக்குக் கையைத் தூக்கியதும் முகத்தைத் திருப்பி, கூட வந்த மகளிடம் "கீ கொந்தோ ரே!" என்றார். எனக்கு அப்போது வங்காள மொழி தெரியாது. ஆனால் மகள் சட்டென்று தரையைப் பார்த்த விதத்தில், 'என்ன நாற்றம்!' என்கிறார் என்று புரிந்துவிட்டது.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கண்ணுக்குப் பவர் பார்ப்பது முழுக்க முழுக்கக் கையைத் தூக்கிச் செய்கிற வேலை. கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் ரெட்டினாஸ்கோப்பை ஒரு கையில் நம் கண்ணருகே பிடித்து, மறு கையை நீட்டி, லென்ஸை நோயாளியின் கண்முன் பிடிக்க வேண்டும். பிறகு பக்கத்தில் போய் நின்று லென்ஸ் லென்ஸாக மாற்ற வேண்டும். நம் அக்குளுக்கும் அவர் மூக்குக்கும் ஒரு சாண் இருந்தால் அதிகம். வெளிச்சம் வரக்கூடாது என்பதால் கதவும் சாத்தியிருக்கும். போதாததற்குக் கல்கத்தாவின் புழுக்கம்.

அன்று மாலை எங்கள் இன்சார்ஜ் சோஹினிதி என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இந்தியும் ஆங்கிலமும் கலந்து அவர் சொன்னது இவ்வளவுதான்.

"உன் ரீடிங் எல்லாம் பார்த்தேன், நல்லா இருக்கு. ஆனா உன்கிட்ட வேர்வை வாடை அடிக்குது. நாளையிலேர்ந்து சரி பண்ணு. சென்ட், ஸ்ப்ரே எதுவும் போட்டுட்டு வராதே, அலர்ஜி பேஷண்டுங்க கண்ணைக் கசக்கிட்டே உட்கார்ந்திருப்பாங்க. கோபமா?"

"இல்ல மேடம்."

"மேடம் இல்ல, தீதி. அக்கான்னு அர்த்தம். போய் டீ குடி."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா அருப்புக்கோட்டையில் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். வேர்வை நாறுவது உழைக்கிறவனுக்கு இயல்பு என்று நினைத்து வளர்ந்தவன் நான். சோஹினிதி சொன்னதில் தவறே இல்லை. இருந்தாலும் அன்று காளிகாட்டில் இருந்த என் அறைக்குப் பஸ்ஸில் வரும்போது, யாரோ என் அப்பாவைச் சொன்னது போலவே வலித்தது.

2. ஸ்ப்ரே இல்லாமல்

அடுத்த ஆறு வாரம் நான் என் மேலேயே பரிசோதனை செய்துகொண்டேன். உங்களில் யாருக்காவது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

எலுமிச்சம்பழத்தை வெட்டித் தேய்த்தேன். அன்றுதான் அக்குளை மழித்திருந்தேன். தேள் கொட்டியது மாதிரி இருந்தது. அன்றைக்கு முழுக்கக் கையை உடம்போடு சேர்க்க முடியாமல் கோழி மாதிரி நின்று பவர் பார்த்தேன். மழித்த அன்று எலுமிச்சை வேண்டவே வேண்டாம். சமையல் சோடாவைக் குழைத்துப் பூசினேன். இரண்டு நாள் பிரமாதம். நான்காம் நாள் தோல் சிவந்து உரிந்தது. அதையும் விட்டேன்.

படிகாரத்தைக் காட்டித் தந்தவர் எங்கள் சந்தில் முடி வெட்டும் பீகார்க்காரர். சவரம் முடித்துக் கன்னத்தில் படிகாரக் கட்டியைத் தேய்த்தபோது நான் கேட்காமலேயே சொன்னார்: "இதையேதான் பையா நான் அக்குள்லயும் தேய்ச்சுக்கிறேன். நானும் பொழுதன்னைக்கும் கஸ்டமர் மூக்குக்கு நேரா கையைத் தூக்கிக்கிட்டுத்தானே நிக்கிறேன்? இல்லாட்டி பாதிச் சவரத்துல எந்திரிச்சு ஓடிடுவாங்க!"

குளித்துத் துவட்டியதும் கட்டியைத் தண்ணீரில் நனைத்து அக்குளில் நாலு தரம் தேய்த்து, காயவிட்டுச் சட்டை போட வேண்டும். அவ்வளவுதான். மாலை வரை தாங்கியது.

ஆனாலும் சில நாள் பத்து மணிக்கே வாடை திரும்பியது. உடம்பில் இல்லை, கோட்டில் இருந்தது. எங்கள் வெள்ளைக் கோட்டு பாலியெஸ்டர் கலந்த துணி. சோப்புப் போட்டாலும் அக்குள் பகுதியில் வாடை ஒளிந்துகொண்டு, உடம்புச் சூடு பட்டதும் வெளியே வரும். ஒரு பங்கு வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் சேர்த்து அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டு, பிறகு சோப்புப் போட்டு, உள்பக்கம் வெளியே தெரியக் காயப்போட்டால் போய்விடுகிறது. மழைக்காலத்தில் ஈரம் சற்று மிச்சமிருந்தாலும் ஃபேனில் உலர்த்தி, இஸ்திரி போட்டே உடுத்த வேண்டும்.

இவ்வளவையும் யாருக்கும் தெரியாமல் செய்தேன். அதுதான் பின்னால் வினையாயிற்று.

3. செல்வகுமார்

அடுத்த வருடம் சோஹினிதி வேறு கிளைக்கு மாறிப் போனார். அவர் நாற்காலிக்கு நான் வந்தேன். அந்த ஜூன் மாதம் தேனியிலிருந்து செல்வகுமார் வந்து சேர்ந்தான். ஆறு மாதம் ப்ரொபேஷன். அவன் அம்மா ஏலக்காய்த் தோட்டத்துக் கூலி. அவனும் வீட்டில் முதல் படிப்பு. காளிகாட்டில் என் அறையிலேயே தங்கச் சொன்னேன்.

ரெட்டினாஸ்கோப் பிடிப்பதில் அவனைப் போல ஒரு கை நான் பார்த்ததில்லை. அழுகிற குழந்தைகூட அவனிடம் அசையாமல் உட்கார்ந்து கண்ணைக் காட்டும்.

"எப்பிட்றா?"

"ஒன்னுமில்லண்ணே. லைட்டுக்குள்ள ஒரு குட்டிப் பூனை இருக்கு, தெரியுதா பாருன்னு சொல்வேன். பூனையத் தேடிக்கிட்டே இருக்காய்ங்க."

"தமிழ்லயா சொல்ற?"

"பூனைக்கு மட்டும் பெங்காலி கத்துக்கிட்டேன். பேடால்!"

இரண்டாவது வாரமே, நாங்கள் டீ குடிக்கும் பான்ட்ரியில் அவனுடைய வாடையைப் பற்றிப் பேச்சு தொடங்கிவிட்டது. லேப் டெக்னீஷியன் ஒருவர் என் தோளில் கைபோட்டு, "நீயும் அந்தப் பக்கம்தான், உன்கிட்ட இந்த நாத்தம் இல்லையே. உன் தம்பிக்கு மட்டும் என்ன?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு, 'நான் தப்பித்தேன்' என்று ஒரு நிம்மதியும் வந்தது. அதை இன்று எழுதும்போது கூசுகிறது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "உங்க ஊர்ப் பையன், நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்றார்.

"சொல்றேன் சார்."

சொல்லவில்லை. அன்று சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன். அவன் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். அவன் எனக்கும் சேர்த்துச் சோறு வடித்து வைத்திருந்தான். சொன்னால், எனக்கும் இது இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சொன்னால், எனக்கு அன்று பஸ்ஸில் வலித்தது போல அவனுக்கும் வலிக்கும். இரண்டில் எது என் வாயை அடைத்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். முதலாவதுதான்.

ஒருநாள் காலை குளியலறையிலிருந்து அவனே குரல் கொடுத்தான். "ஏண்ணே, சோப்பு டப்பாக்குள்ள கற்கண்டு மாதிரி ஒன்னு இருக்கே, என்னாது?"

கேள்வி தானாக என் வீட்டுக் கதவைத் தட்டியது. ஒரு வார்த்தை போதும்.

"படிகாரம்டா. ஷேவிங்குக்கு" என்றேன்.

"அப்ப எனக்கு வேணாம், மூஞ்சில முளைச்சாத்தானே!" என்று சிரித்தான்.

4. பில்லிங் கவுண்டர்

அக்டோபரில், பூஜை விடுமுறை முடிந்த வாரம், நோயாளிகள் எழுதும் கருத்துச் சீட்டில் இரண்டு பேர் அவனைப் பற்றி எழுதிவிட்டார்கள். மேனேஜர் அந்தச் சீட்டை அவனிடம் காட்டவில்லை. அவனை மருத்துவமனையின் கண்ணாடிக் கடை பில்லிங் கவுண்டருக்கு மாற்றினார். அவன் கேட்டதற்கு, "பேஷண்ட்ஸ் திருப்தியா இல்ல" என்று மட்டும் சொன்னார்.

செல்வகுமார் என்னிடம் வந்தான். "அண்ணே, என் ரீடிங்ல தப்பு இருக்கா?"

"சே, அப்பிடியெல்லாம் இல்ல."

"பின்ன எதுக்கு மாத்துனாய்ங்க?"

"கவுண்டர்ல ஆள் பத்தலையாம்டா. கொஞ்ச நாள்தான்."

அவன் நம்பவில்லை. அதன் பிறகு பூனைக் கதை பேசவில்லை. டிசம்பரில் ப்ரொபேஷன் முடிந்தது. வேலை திருப்தியாக இல்லை என்று ஒரு வரிக் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். ஹௌரா ஸ்டேஷன் வரை நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ரயில் கிளம்ப நாற்பது நிமிடம் இருந்தது. அப்போதும் நான் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசினேன்.

5. போன்

இரண்டு வருடம் கழித்து, அவனோடு படித்த ஒரு பெண் எங்கள் மருத்துவமனையில் சேர்ந்தாள். செல்வகுமார் தேனி பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடையில் நிற்கிறான் என்றாள். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டும் போகவில்லையாம். "எனக்கு இந்த வேலை கை வராதுன்னுட்டான் சார். காலேஜ்ல அவன்தான் ஃபர்ஸ்ட்டு" என்றாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்குப் போய் அவனுக்குப் போன் போட்டேன். நலம் விசாரித்தான். பெங்காலி இப்போது சரளமா என்று கேலி செய்தான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வாடையை, கருத்துச் சீட்டை, எனக்கும் அது இருந்ததை, ஷேவிங் என்று பொய் சொன்னதை.

அந்தப் பக்கம் "பெரியகுளம், பெரியகுளம்" என்று கண்டக்டர் கத்துவது மட்டும் கேட்டது.

"அதுதானாண்ணே? அது மட்டுந்தானா?"

"அது மட்டுந்தான்டா. உன் ரீடிங்ல ஒரு தப்பும் கிடையாது."

"நான் பாத்த ஒவ்வொரு பேஷண்டயும் ஒளிச்சு ஒளிச்சு, தானா பவர் காட்டுற ஆட்டோரெஃப் மெஷின்ல திரும்ப வச்சுப் பாப்பேண்ணே. ஒத்துத்தான் வந்துச்சு. அப்பறமும் தப்புங்கிறாய்ங்களேன்னு, மெஷினையும் நம்பல, என்னையும் நம்பல. சொல்லிருந்தா குளிச்சு கிளிச்சு சரி பண்ணிருப்பேன்ல?"

மதுரை ஆஸ்பத்திரியில் நான் பேசுகிறேன், இப்போதும் இடம் இருக்கிறது என்றேன்.

"பாப்பம்ணே. கஸ்டமர் நிக்கிறாரு" என்று வைத்துவிட்டான். அந்த ஆஸ்பத்திரியின் விண்ணப்பப் படிவத்தை அவனுக்கு வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டான் என்று போன் காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நாளை உங்கள் கீழும் ஒருவர் சேருவார். அவரிடம் இப்படி ஒன்றைச் சொல்ல நேர்ந்தால், அன்றைக்கே, கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். அவருக்கு ஒருநாள் வலிக்கும். சொல்லாமல் விட்டால் அவர் காரணத்தைத் தேடுவார். எங்களைப் போல முதல் தலைமுறையாகப் படித்து வருகிறவன், காரணம் தெரியாவிட்டால், தன் படிப்பில்தான் குறை என்று முடிவு கட்டிக்கொள்வான்.