தவளைகளை வைத்து அளந்த மருந்து

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் நான் சுங்கைப் பட்டாணியில் ஒரு மருத்துவமனையில் டிரஸராக, டாக்டருக்கு உதவியாளாக இருந்தேன். வெள்ளைக்கார டாக்டர் போன பிறகு தமிழ் டாக்டர் ஒருவர்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். மருந்தறையில் டிஜிடாலிஸ் தீர்ந்துவிட்டது. இதய நோய்க்குக் கொடுக்கும் இலைத்தூள் அது. குறைந்தால் பயனில்லை; கூடினால் இதயமே நின்றுவிடும்.

பாடாங் மேஹா தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் ஓர் அம்மாவை அவருடைய கணவர் கொண்டுவந்து சேர்த்தார். கால்கள் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டியதால் அந்த அம்மா உட்கார்ந்தபடியே தூங்கினார்.

சயாமிலிருந்து வந்த டிஜிடாலிஸ் டின் ஒன்று கோலா கெடா படகுக்காரர் ஒருவரிடம் கிடைத்தது. லேபிள் அழிந்திருந்ததால் தூளின் பலம் தெரியவில்லை. டாக்டர் பயந்து பயந்து கொஞ்சமாகக் கொடுத்தார். ஐந்து நாளாகியும் வீக்கம் வடியவில்லை.

"கொஞ்சம் கூட்டிக் குடுங்கலா, ஐயா," என்றார் கணவர்.

"எவ்வளவு கூட்டுறதுன்னு தெரியாம குடுத்தா ஆளே போயிடும்," என்றேன்.

அலமாரியில் வாய் உருக்கி மூடிய சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்று இருந்தது. சண்டைக்கு முன்னால் கப்பலில் வந்தது. உள்ளே வீரியம் அளந்து உறுதிசெய்யப்பட்ட தூள். வேறு தூள்களை அதனோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். மருந்தாகக் கொடுத்தால் இரண்டு நாளைக்குக்கூடக் காணாது. அதை உடைத்து எங்கள் டின் தூளை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றேன்.

"இத உடைச்சிட்டா அடுத்த டின்ன எத வச்சுப் பாப்பே?" என்று கேட்டார் டாக்டர்.

"இந்த டின்னோட பலம் தெரிஞ்சா, அதுல கொஞ்சத்த ஈரம் படாம மூடி வச்சுக்கலாம் சார். அடுத்தத அதோட ஒப்பிடலாம்."

அவரே அரம் வைத்துக் குப்பியின் கழுத்தை அறுத்தார்.

கணவர் வயல் வாய்க்காலில் பிடித்த தவளைகளைச் சாக்கில் கொண்டுவந்தார். ஏறக்குறைய ஒரே எடை உள்ளவற்றைப் பொறுக்கினேன். இரண்டு தூள்களையும் தனித்தனியே சாராயத்தில் ஒரு நாள் ஊறவைத்து, வடித்து, அளவை மாற்றி மாற்றித் தவளைகளுக்கு ஊசி போட்டோம். ஒரு மணி நேரம் கழித்து நெஞ்சைத் திறந்து, எந்த இதயம் நின்றிருக்கிறது என்று பார்த்தோம். இதயத்தை நிறுத்த எங்கள் டின் தூளில் குப்பித் தூளைப் போல இரண்டு மடங்கு தேவைப்பட்டது.

டாக்டர் அந்தக் கணக்கில் அளவை உயர்த்தினார். மூன்றாம் நாள் அந்த அம்மாவுக்குச் சிறுநீர் நிறையப் போய், கால் வீக்கம் வடியத் தொடங்கியது. அடுத்த வாரம் மல்லாந்து படுத்துத் தூங்கினார். தோட்டத்துக்குப் போகும் மாட்டு வண்டியில் தானே ஏறினார்.

பிறகு வந்த டின்னை, நாங்கள் மூடி வைத்திருந்த தூளோடு ஒப்பிட்டோம். ஊசி போட்ட தவளைகளின் இதயங்கள் துடித்துக்கொண்டே இருந்தன. அது ஏதோ வேறு இலை. எரித்துவிட்டோம்.

ஜப்பான்காரன் போவதற்குச் சில மாதம் முன்பு கணவர் தனியாக வந்தார்.

"போயிட்டாங்க, ஐயா."

"பழைய நெஞ்சு நோயா?"

"இல்ல. குளிர் காய்ச்சல்."

மருந்து தவறவில்லை என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டு, அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.